நாடா இல்லாத நாடா நூலகம்

கணிப்பொறி அறைகளில் பெரிய காந்த நாடாச் சுருள்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சுருளின் பின்புறம் ஒரு சிறு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். வளையம் பொருத்தியிருந்தால் நாடாவில் எழுதலாம். கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். 'வளையம் இல்லையேல் எழுத்து இல்லை' என்பது அவ்வறைக்கு வேலைக்கு வருபவர் முதல் நாளே கற்கும் பாடம். அது போதாதென்று, வாசலில் நாடா நூலகர் ஒருவரும் அமர்ந்திருப்பார். எந்த வேலைக்கு, எந்த எண்ணுள்ள சுருள், யாருக்கு என்று சீட்டில் எழுதித் தராதவருக்கு அவர் அலமாரியைத் திறக்கமாட்டார்.

அந்தச் சுருள் பத்தரை அங்குல விட்டமுடையது. அரை அங்குல அகலமுள்ள நாடா 2,400 அடி நீளத்திற்கு அதில் சுற்றப்பட்டிருக்கும். அங்குலத்திற்கு 1,600 எழுத்துகள் என்ற அடர்த்தியில் அதில் கொள்வது சுமார் 40 மெகாபைட். 2021இல் வெளிவந்த எல்.டி.ஓ.-9 என்னும் நாடாப் பேழை உள்ளங்கையில் அடங்கும். அதில் கொள்வது 18 டெராபைட். வகுத்துப் பார்த்தால் பழைய சுருள்கள் நாலரை லட்சம்! நாடா ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2011 பிப்ரவரி இறுதியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் கடிதங்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனம் அவற்றை மீட்டது நாடாக்களிலிருந்துதான்.

நம் கட்டுரை நாடாவைப் பற்றியதன்று. நாடாவாக நடிக்கும் வட்டைப் பற்றியது. இதனை மெய்நிகர் நாடா நூலகம் என்பர். உள்ளே இருப்பவை சாதாரண வட்டுகளே. ஆனால் வெளியிலிருந்து கேட்கும் கணிப்பொறிக்கு அது ஒரு முழு நாடா நூலகமாகவே காட்சி தரும். நாடா இயக்கிகள் நான்கோ எட்டோ இருப்பதாகச் சொல்லும். பேழைகளை எடுத்து மாட்டும் எந்திரக் கை ஒன்று இருப்பதாகச் சொல்லும். அதற்குச் 'சேஞ்சர்' என்று பெயர். பேழைகள் அடுக்கிய மாடங்கள் நூறு, ஒவ்வொரு பேழை மேலும் ஒட்டிய பட்டைக் குறியீடு, எல்லாம் உண்டு என்று சொல்லும். சொல்வதோடு நில்லாமல் அப்படியே நடந்துகொள்ளவும் செய்யும். 'நாடாவைப் பின்னோக்கிச் சுற்று' என்று கட்டளையிட்டால், சுற்றுவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும், 'சுற்றிவிட்டேன்' என்று பதில் வரும்.

ஏன் இந்த வேடம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வட்டை வட்டாகவே பயன்படுத்திவிட்டால் என்ன? காரணம் பழக்கம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாக எழுதி வைத்த நிரல்கள், இரவு நேர வேலை வரிசைகள், தணிக்கை விதிகள் யாவும் நாடாவை எண்ணியே எழுதப்பட்டவை. அவற்றை மாற்றுவதைவிட நாடாவைப் போலவே ஒரு பொருளைச் செய்துவிடுவது எளிது. இன்னொரு காரணமும் உண்டு. பேழையின் கொள்ளளவு பெருகப் பெருக, சிறிய கோப்பு ஒன்றுக்காகப் பெரிய பேழை ஒன்று முழுதும் அடைபட்டுக் கிடந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் பெரிய கணிப்பொறிகளுக்காக மெய்நிகர் நாடா அமைப்பைக் கொணர்ந்ததற்கு இந்த வீணடிப்பைத் தவிர்ப்பதும் ஒரு நோக்கம். அடுத்த பத்தாண்டில் இவ்வமைப்பு சிறிய கணிப்பொறிகளுக்கும் வந்து சேர்ந்தது.

இனி முக்கியமான இடத்திற்கு வருவோம். இந்த நூலகத்தை வாங்கி வைப்பது எளிது. பணம் இருந்தால் போதும். எந்தக் கணிப்பொறி எந்த இயக்கியைத் தொடலாம் என்று வகுப்பதில்தான் வேலை இருக்கிறது. கேட்டு வரும் கணிப்பொறியை இத்துறையில் 'ஹோஸ்ட்' என்று அழைக்கிறார்கள். ஹோஸ்ட் என்றால் விருந்தோம்புபவர். வாசலில் வந்து நின்று கேட்பவருக்கு விருந்தோம்பி என்று பெயர் வைத்தவர் யாரோ! பெயர் நிலைத்துவிட்டது, நாமும் அப்படியே வழங்குவோம்.

ஸ்ரீரங்கத்திற்குப் போகாத மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. தெற்கு வாசலில் 236 அடி உயரத்தில் 13 நிலைகளோடு நிற்கும் இராஜகோபுரம் 1987இல் நிறைவு பெற்றது. அதைத் தாண்டினால் உடனே கோயிலுக்குள் போய்விட்டதாக வெளியூரார் எண்ணுவர். உள்ளூரார் அறிவர்: அங்கே இன்னும் கடைவீதிதான். அடையவளஞ்சான் வீதியும் சித்திரை வீதியும் உத்திர வீதியும் மக்கள் குடியிருக்கும் இடங்கள். ஏழு பிராகாரங்களுள் கோயில் என்று நாம் வழங்கும் பகுதி அவற்றுக்கும் உள்ளே. இராஜகோபுரத்தைத் தாண்டியவரெல்லாம் ஆரியபடாள் வாசலைத் தாண்டியவர் அல்லர். ஒவ்வொரு வாசலிலும் தனிக் காவல். ஒரு வாசலின் அனுமதி அடுத்த வாசலுக்குச் செல்லாது. ஹோஸ்ட் ஒன்று மெய்நிகர் நாடாவை அடையும் வழியும் இத்தகையதே. என் மாணவர்களிடம் இந்த உவமையைச் சொன்ன பிறகு, எங்கே தடை என்று தேடும்போது அவர்களே 'ஐயா, சித்திரை வீதி வரைக்கும் வந்துட்டான், அங்கேதான் நிக்கிறான்' என்று சொல்லத் தொடங்கிவிட்டனர்.

முதல் வாசல் கம்பி. பெரும்பாலும் ஒளியிழை. ஹோஸ்டில் செருகிய ஃபைபர் சேனல் அட்டையின் ஒவ்வொரு முனைக்கும் 64 பிட் நீளமுள்ள உலகப் பெயர் ஒன்று ஆலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எழுதிக் காட்டினால் 16 இலக்கம். இனி வரும் வாசல்களில் காவலர் கேட்பது இந்தப் பெயரைத்தான். கணிப்பொறிக்கு நாம் இட்ட பெயரை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அட்டை பழுதாகி மாற்றினால், கணிப்பொறி பழையதே ஆனாலும் காவலர்க்கு அது முன்பின் அறியாத ஆள். இதை மறந்து நள்ளிரவில் தலையைப் பிய்த்துக்கொண்டவர் பலர்.

அடுத்தது இடையிலுள்ள ஸ்விட்ச். இதில் மண்டலம் பிரிப்பார்கள். ஒரு மண்டலத்தில் ஒரே ஒரு ஹோஸ்ட் முனையும், அது பேச வேண்டிய நூலக முனையும் மட்டும் இருப்பது நல்லது. பத்து ஹோஸ்டுகளை ஒரே மண்டலத்தில் போட்டாலும் வேலை நடக்கும். நடப்பதுதான் ஆபத்து. ஒரு ஹோஸ்ட் அணைந்து எழும்போது உண்டாகும் சலசலப்பு மற்ற ஒன்பதையும் தொடும். வட்டாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும், நாடா பொறுக்காது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவே ஒரு மீட்டமைப்புக் கட்டளை வந்தால், நாடா தன் இடத்தை மறந்து தொடக்கத்திற்குப் போய்விடக்கூடும். இதே காரணத்திற்காகத்தான் வட்டுப் போக்குவரத்தையும் நாடாப் போக்குவரத்தையும் ஒரே அட்டையில் கலக்கவேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வர்.

மூன்றாவது வாசல் நூலகத்தினுள்ளேயே இருக்கிறது. இதனை அணுகு குழு என்போம். இது ஒரு பட்டியல்: இந்த உலகப் பெயருடையவர், இந்த முனை வழியாக வந்தால், சேஞ்சரையும் 1, 2 எண் இயக்கிகளையும் காணலாம். பட்டியலில் இல்லாத பொருள் அவருக்கு இல்லாத பொருளே. மறைக்கப்பட்டது என்றுகூட அவருக்குத் தெரியாது. காட்டப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் 'லன்' எனப்படும் எண் ஒன்றும் தரவேண்டும். இந்த எண்களைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது வழக்கம். வீண் சம்பிரதாயம் என்று எண்ணவேண்டாம். பூஜ்ய எண்ணில் எவரும் பதில் தராவிட்டால், 'வீட்டில் ஆளில்லை' என்று முடிவுகட்டி மேற்கொண்டு தட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும் ஹோஸ்டுகள் உண்டு.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஹோஸ்டில் புதிய கருவிகள் தென்படும். லினக்ஸில் பார்த்தால் ஒவ்வொரு இயக்கிக்கும் இரண்டு பெயர்கள்: எஸ்டி 0 என்று ஒன்று, என்எஸ்டி 0 என்று மற்றொன்று. இரண்டும் ஒரே இயக்கிதான். முன்னது வேலை முடிந்ததும் நாடாவைத் தானே தொடக்கத்திற்குச் சுற்றிவிடும். பின்னது சுற்றாமல் நின்ற இடத்திலேயே நிறுத்தும். ஓர் எழுத்து வேறுபாடு. முன்னதைப் பயன்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோப்புகளைச் சேமித்தவர், இரண்டாவது முதலாவதின் மேலேயே எழுதப்பட்டதைப் பிறகு காண்பார்.

மாணவர்கள் அதிகம் இடறி விழும் இடம் ஒன்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இயக்கிகளை எண்ணுபவர் இருவர். சேஞ்சர் தன் இயக்கிகளுக்கு 500, 501 என்பது போன்ற தன் சொந்த முகவரிகளை வைத்துக்கொண்டிருக்கிறது. ஹோஸ்டோ தான் கண்டுபிடித்த வரிசையில் பூஜ்யம், ஒன்று என்று பெயரிடுகிறது. இவ்விரு வரிசைகளும் ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மாறிப்போனால் என்ன ஆகும்? 'பேழையை 500இல் மாட்டு' என்று சேமிப்பு மென்பொருள் சொல்லும். சேஞ்சர் ஒழுங்காக மாட்டும். பிறகு மென்பொருள் பூஜ்ய இயக்கியிடம் போய்ப் பேழைக்காகக் காத்திருக்கும். ஆனால் ஹோஸ்டின் பூஜ்யம் சேஞ்சரின் 501. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கிய விருந்தாளிக்காக மத்தியப் பேருந்து நிலையத்தில் காத்திருந்த கதைதான். இருவரும் சொன்ன சொல் தவறவில்லை; சந்திப்பு மட்டும் நடக்கவில்லை. நேரம் கடந்து பிழைச் செய்தி வரும். அச்செய்தியோ 'இயக்கி பழுது' என்று சொல்லும்! பழுதில்லாத இயக்கியை மாற்றச் சொல்லி எழுதிய கடிதங்களை நான் கண்டிருக்கிறேன்.

தீர்வு வரிசை எண். ஒவ்வொரு இயக்கிக்கும் மாறாத வரிசை எண் ஒன்று உண்டு. அதைச் சேஞ்சரிடமும் கேட்கலாம், இயக்கியிடமும் கேட்கலாம். இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிட்டு, அதன்படி மென்பொருளில் பொருத்தவேண்டும். கணிப்பொறி அணைந்து எழுந்தால் பூஜ்யமும் ஒன்றும் இடம் மாறக்கூடும் என்பதால், வரிசை எண்ணைக் கொண்டு அமைந்த நிலையான பெயர்களையே பயன்படுத்தவேண்டும். லினக்ஸ் அத்தகைய பெயர்களைத் தானாகவே உருவாக்கித் தருகிறது. பார்ப்பதற்கு நீளமாகவும் அழகற்றும் இருக்கும். அதனாலேயே பலர் தவிர்க்கின்றனர்.

ஆசிரியப் பணிக்கு வருமுன் சில ஆண்டுகள் இந்நகரில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிந்தேன். சம்பளக் கணக்கு ஒரு கணிப்பொறியில் இருந்தது. மெய்நிகர் நூலகத்தில் நான்கு இயக்கிகள். ஒரு நாள் புதிய கணிப்பொறி ஒன்று வந்தது. அதற்குத் தனி அணுகு குழு அமைக்கவேண்டியவன் நான். மாலை ஆறு மணி. கடைசிப் பேருந்து நினைவு. இருந்த குழுவிலேயே புதியதன் பெயரையும் சேர்த்துவிட்டேன். ஒரே வரி. நான்கு இயக்கிகளும் இரண்டு கணிப்பொறிகளுக்கும் தெரிந்தன. 'எல்லாம் தெரிகிறது' என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போனேன்.

சில நாள் கழித்துப் புதிய கணிப்பொறியில் ஒரு சோதனைக் கோப்பை இரண்டாம் இயக்கியில் எழுதிப் பார்த்தார்கள். சம்பளக் கணிப்பொறியின் பேழை முந்தைய இரவு வேலை முடிந்தும் வெளியே எடுக்கப்படாமல் அதே இயக்கியில் இருந்தது. அதன் வேலை முடிந்துவிட்டதால் இயக்கி யார் பிடியிலும் இல்லை. நாடாவோ தொடக்கத்தில் நின்றது. சோதனைக் கோப்பு மிகச் சிறியது, சில கிலோபைட். ஆனால் நாடாவின் இலக்கணம் வேறு. நடுவே ஓரிடத்தில் எழுதினால், எழுதிய இடத்தோடு நாடா முடிந்தது என்று பொருள். அதற்கு அப்பால் இருந்தது எதுவாயினும் இனி எட்டாது. வட்டில் செய்த போலி நாடாவும் இந்த விதியை வழுவாமல் கடைப்பிடித்தது. வேடமிட்டவர் வேடத்திற்கு இவ்வளவு உண்மையாக இருந்திருக்க வேண்டாம்.

பதிவேட்டில் 'சேமிப்பு வெற்றி' என்றே இருந்தது; அது எழுதப்பட்ட வேளையில் உண்மையும்கூட. இரண்டு வாரம் கழித்துச் சம்பளக் கணிப்பொறியின் வட்டு போயிற்று. பேழையைத் திறந்தால் ஒரு சோதனைக் கோப்பு. அதற்கு முந்தைய பேழை மாதக் கடைசியினது. இடைப்பட்ட பதிவுகளைத் தலைமை எழுத்தர் அம்மையார் ஒருவர் காகிதச் சீட்டுகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து மீண்டும் ஏற்றினார். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது அவருக்கு. கடிந்துகொள்ளவில்லை. 'தம்பி, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா போகவே போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?' என்று மட்டும் ஒரு நாள் கேட்டார். அந்த ஒரு வரியை நான் சேர்த்தது எவருக்கும் தெரியாது. நானே போய்ச் சொன்னேன்.

இரண்டு ஹோஸ்டுகள் ஓர் இயக்கியைப் பகிர்ந்தே தீரவேண்டிய சூழல்களும் உண்டு. அதற்காக முன்பதிவு என்ற ஏற்பாடு இருக்கிறது. ரயிலில் இருக்கை பதிவு செய்வது போல, ஹோஸ்ட் ஒன்று 'இந்த இயக்கி எனக்கு' என்று பதிவு செய்தால், விடுவிக்கும்வரை பிறர் எழுத முடியாது. ஆனால் பதிவு செய்யும் பழக்கம் எல்லா நிரல்களுக்கும் இல்லை. வேலை முடிந்ததும் பதிவும் நீங்கிவிடும் என்பதை என் கதையே காட்டும். முன்பதிவு அணுகு குழுவிற்குத் துணை. அதற்கு மாற்று அன்று. வேலை முடிந்த பேழையை மாடத்திற்குத் திருப்பி அனுப்புவதும் அத்துடன் சேரவேண்டிய ஒழுக்கம்.

பெரிய அளவிலும் இதே சிக்கல்தான். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளைப் பணயத் தாக்குதல் முடக்கியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவுகள் பல நாள் கையாலேயே எழுதப்பட்டன. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே தாக்கியவர்களுக்கு வழி தந்தது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. சுருங்கச் சொன்னால், வாசல்களுக்குத் தனித்தனிக் காவல் இல்லை. பாதிக்கப்படாத சேமிப்புச் சர்வர் ஒன்று இருந்ததால், மருத்துவமனைப் பதிவுகளை அதிலிருந்து மீட்டார்கள்.

மெய்நிகர் நாடா இங்கே ஓரளவு உதவும். வட்டைத் தேடி அலையும் தீய நிரலுக்கு நாடா சாதாரணக் கோப்புறையாகத் தெரிவதில்லை. ஆயினும் ஹோஸ்டையே கைப்பற்றியவன், அந்த ஹோஸ்டுக்கு அனுமதியுள்ள பேழைகளை அழிக்க முடியும். ஆகவே ஒரு ஹோஸ்ட் எத்தனை குறைவாகத் தொட முடியுமோ அத்தனை நல்லது. குறிப்பிட்ட காலம்வரை அழிக்கமுடியாதபடி பேழையைப் பூட்டும் வசதியும் சில நூலகங்களில் உண்டு. அது பழைய வளையத்தின் புதிய பிறவி.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாடு அரசின் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் உள்ளது. அதற்கான பேரிடர் மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியில் அமைந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, சென்னையிலிருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டர் விலகி ஒரு மையம் ஏன் என்று விளக்கவேண்டியதில்லை. இத்தகைய இரட்டை மையங்களில் மெய்நிகர் நூலகம் இருந்தால், ஓரிடத்தில் எழுதிய பேழையின் நகல் மற்றோரிடத்திற்குத் தானாக வந்து சேரும்படி செய்யலாம். நகல் வந்துவிட்டது என்று நிம்மதியடைபவர்களே அதிகம். வந்த நகல் பெரும்பாலும் எந்த மாடத்திலும் வைக்கப்படாமல் பெட்டகத்தில் கிடக்கும். அதை ஒரு நூலகத்தினுள் கொணரவேண்டும். அந்த நூலகத்தைக் காணும் அனுமதி இங்குள்ள ஹோஸ்டுக்கு முன்கூட்டியே தரப்பட்டிருக்கவேண்டும். பட்டைக் குறியீடு இங்குள்ள வேறொரு பேழையோடு மோதக்கூடாது. சென்னையில் நீர் ஏறும் நாளில் திருச்சியில் உட்கார்ந்து 16 இலக்கப் பெயர்களைத் தேடித் தட்டச்சு செய்யமுடியாது.

நம் கல்லூரி ஆய்வகத்தில் ஃபைபர் சேனல் அட்டையும் இல்லை, நாடா நூலகமும் இல்லை. கவலை வேண்டாம். லினக்ஸில் இயங்கும் எம்எச்விடிஎல் என்ற இலவச மென்பொருள் ஒன்று சாதாரணக் கணிப்பொறியையே மெய்நிகர் நூலகமாக்கிவிடும். அதன் இயக்கிகளை ஐஸ்கசி முறையில் நம் சாதாரண வலையமைப்பின் வழியே பக்கத்துக் கணிப்பொறிக்கும் காட்டலாம். இம்முறையில் அட்டையின் 16 இலக்கப் பெயருக்குப் பதிலாக நாமே எழுதிக் கொடுக்கும் பெயர் ஒன்று வழங்கும். மற்றபடி வாசல்களின் தத்துவம் ஒன்றே.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கும்போது மூன்று கணிப்பொறிகளை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒன்று நூலகம், இரண்டாவதற்கு மட்டும் அனுமதி. முதலில் இரண்டாவதிலிருந்து ஒரு கோப்பை எழுதி, பேழையை மாடத்திற்கு அனுப்பி, மீண்டும் வரவழைத்துப் படித்து, அசலோடு ஒப்பிடவேண்டும். பலர் அத்துடன் குறிப்பேட்டை மூடிவிடுகின்றனர். மூடாமல் மூன்றாவது கணிப்பொறியில் போய் உட்கார்ந்து நூலகத்தைத் தேடவேண்டும். திரையில் எதுவும் வரக்கூடாது. வெறும் திரைக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். அதையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டவேண்டும்.